பிரேக்குக்கு அடியில் ஒரு விலாங்கு

சைரன் என்பது அவருக்கு மற்ற ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார் என்பதற்காக வைத்ததல்ல. அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவர் காதைக் கொண்டுபோய் வாயருகே வைக்க வேண்டும். அவ்வளவு சன்னமான குரல். அதைக் கிண்டல் செய்யத்தான் அப்படி ஒரு பெயர். நாளடைவில் கிண்டல் போய் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவர் மனைவிகூடக் கோபம் வந்தால், "என்ன, சைரன் இன்னிக்கு ஊதாதா?" என்றுதான் கேட்பாள்.

வயது நாற்பத்தொன்பது. முன்பு பால் வண்டி ஓட்டியவர். ஆம்புலன்ஸுக்கு வந்து பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. காலையில் வேலைக்கு வந்ததும் டயரைத் தட்டிப் பார்ப்பார், ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பார், ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவார். பிறகு முன் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ஒருமுறை வேறொரு ஓட்டுநரின் தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய், வண்டி நடைபாதை மேல் ஏறிவிட்டது. அன்றே சைரன் ஓர் அட்டையில் 'ஓட்டுநர் காலடியில் எதுவும் வைக்கக்கூடாது' என்று பட்டையாக எழுதி, வண்டிக் கொட்டகையின் சுவரில் ஒட்டினார். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைக் காட்டுவார். இளம் ஓட்டுநர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வார்கள். ஆனாலும் பாட்டிலை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுவார்கள்.

அவருக்கென்று இருந்த ஒரே பழக்கம் தூண்டில். கொட்டகைக்குப் பின்னால் ஒரு மதில், மதிலைத் தாண்டினால் கால்வாய். எட்டு மணி வேலைக்கு ஆறு மணிக்கே வந்து அங்கே உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் ஒன்றும் மாட்டாது. மாட்டினாலும் விரல் நீளக் குஞ்சுகள்தான். கொக்கியைக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே போட்டுவிடுவார்.

அன்று காலை மாட்டியது விலாங்கு.

தூண்டில் நரம்பு முதலில் அசையவே இல்லை. கல்லில் சிக்கிக்கொண்டதோ என்று நினைத்து இழுத்தார். கல் திருப்பி இழுத்தது. கால் மணி நேரம் போராடிக் கரையில் தூக்கிப் போட்டபோது, அவர் கை நீளத்தைவிட அதிகமாக இருந்தது. மணிக்கட்டு பருமன். கரும்பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு. தரையில் விழுந்த மறுகணமே அது தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டது. கையால் பிடித்தார்; வழுக்கியது. காலால் மிதித்தார், நழுவியது. கடைசியில் ஒரு கல்லை எடுத்துத் தலையில் மூன்று முறை அடித்தார். அது ஒருமுறை முழு உடம்பையும் முறுக்கி, பிறகு கயிறுபோல் தளர்ந்து கிடந்தது. கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். அசைவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றுமில்லை.

வீட்டுக்கு எடுத்துப்போனால் மனைவி அசந்துபோவாள் என்று நினைத்தார். ஆனால் வேலை முடிய இரவு எட்டு ஆகும். ஓய்வறையில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. கொட்டகையைச் சுற்றி எந்நேரமும் நாலைந்து பூனைகள். அதனால் மீனை ஈரச் சாக்குத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, தன் ரெக்சின் பைக்குள் வைத்தார். பூனைகளுக்கு எட்டாத இடம் ஒன்றுதான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு இடுக்கு உண்டு. அங்கே பையைச் செருகினார். காலடி வேறு, முதுகுப்பக்கம் வேறு என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பத்து நாற்பதுக்கு அழைப்பு வந்தது. ஆண், ஐம்பத்தைந்து வயது, நெஞ்சுவலி, மூன்றாவது மாடி.

வண்டியில் அவரோடு போகிற நர்ஸுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு வருடமாக ஒரே வண்டி. அவர் அவளை சிஸ்டர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இருவருக்கும் இடையில் அதற்கு மேல் பேச்சு தேவைப்பட்டதில்லை; அவர் வண்டி நிறுத்துகிற விதத்திலேயே அவளுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நோயாளி அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்பவர். இரவு வேலை முடித்து வந்து படுத்தவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி வியர்வையில் நனைந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். அவரை மடக்கு நாற்காலியில் வைத்துக் கட்டி, சைரன் கீழ்ப்பக்கமும் நர்ஸ் மேல்பக்கமும் பிடித்து, அறுபத்தாறு படி இறக்கினார்கள்.

வண்டியில் ஏற்றும்போது தெருமுனையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். நோயாளியின் மனைவி. இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்கூடத்தில் வேலை. கையில் சோப்பு நுரைகூடக் காயவில்லை. தண்ணீரில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"என்னங்க ஆச்சு? காலையில நல்லாத்தானே இருந்தாரு?"

"பேச நேரமில்லக்கா. நீங்க முன்னாடி ஏறுங்க" என்றாள் நர்ஸ். "பின்னாடி எனக்கு எடம் வேணும்."

அவள் முன்னால் ஏறினாள். கதவுகள் சாத்தப்பட்டன. சைரன் கூரை விளக்கைச் சுழலவிட்டு, ஒலியைப் போட்டு வண்டியை எடுத்தார். இதயத்துக்கான பிரிவு இருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த நேரத்துப் போக்குவரத்தில், எல்லாரும் வழிவிட்டால், இருபது நிமிடம்.

முதல் ஐந்து நிமிடம் எப்போதும் போலத்தான் போயிற்று. அந்தப் பெண் இருக்கையில் பாதி திரும்பி, தடுப்பிலிருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். உதடு ஓயாமல் எதையோ முணுமுணுத்தது. பேருந்து நிலையச் சந்திப்பில் ஒரு பேருந்து குறுக்கே மூக்கை நீட்டியது. சைரன் பிரேக்கை அழுத்தினார்.

பிரேக் பாதியில் நின்றது.

கல் தட்டியது போலல்ல. கெட்டியான ரப்பரை மிதித்தது போல இருந்தது. அடியில் ஏதோ மசிந்து கொடுத்து, மீண்டும் எதிர்த்துத் தள்ளியது. அவர் இன்னும் ஓங்கி மிதித்தார். அந்தப் பொருள் வழுக்கி விலகியது, பிரேக் கடைசிவரை போய் இறங்கியது, வண்டி குலுங்கி நின்றது. பேருந்தின் பக்கவாட்டுக்கும் வண்டியின் முகப்புக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய முடியாது. பின்னால் ஏதோ தட்டு விழும் ஓசை கேட்டது.

"அண்ணே!" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

கால்விரிப்பு சுருண்டிருக்கும் என்று நினைத்து, வண்டியை நகர்த்தியபடியே காலால் துழாவினார். அப்போதுதான், காலுறைக்கும் கால்சட்டைக்கும் இடையே தெரியும் அந்த இரண்டு விரல் தோலின் மேல், ஈரமாக, சில்லென்று ஒன்று ஊர்ந்து போனது.

அது என்ன என்று அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அடிபட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலையில் மூன்று அடி, இறுக்கிய முடிச்சு, வெயிலில் நின்ற வண்டி, சொட்டுத் தண்ணீர் கிடையாது. அத்தனையையும் தாண்டி அது பையைக் கிழித்தோ முடிச்சைத் தளர்த்தியோ வெளியே வந்து, இருக்கைக்கு அடியில் புகுந்து, இருட்டும் ஈரமும் தேடி அவர் காலடிக்கு வந்திருந்தது.

ஓரமாக நிறுத்திவிடலாம். ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. கதவைத் திறந்து அதை வெளியே இழுத்துப் போட்டுவிடலாம். அவர் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டரில் கை வைத்தார்.

சின்ன ஜன்னல் படீரென்று திறந்தது.

"அண்ணே, பிரஷர் எறங்குது. எங்கயும் நிறுத்தாதீங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போங்க."

அவர் கையை எடுத்துவிட்டார்.

அடுத்த இரண்டு சந்திப்புகளையும் அவர் எப்படிக் கடந்தார் என்று பிறகு அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முன்கூட்டியே கியரைக் குறைத்தார். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ஒவ்வொரு முறை பிரேக்கைத் தொடும்போதும் அந்த மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒருமுறை பிரேக் சரியாக இறங்கும். மறுமுறை பாதியில் நிற்கும். அது பிரேக்கின் தண்டில் உடம்பையும் கிளட்சின் தண்டில் வாலையும் சுற்றிக்கொண்டுவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் இறுக்கியது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

முன்னால் மேம்பாலம் வந்தது. அவருக்கு அந்தப் பாலம் உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். ஏற்றம் முந்நூறு மீட்டர். இறக்கமும் அவ்வளவுதான், ஆனால் செங்குத்து. இறக்கத்தின் அடியில் ஒரு சிக்னல். அந்த நேரத்தில் அது பெரும்பாலும் சிவப்பு; பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஏற்றத்தில் பிரேக் வேண்டாம். இறக்கத்தில் வேண்டும்.

அவர் கண் கீழே போய்ப் போய் வருவதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

"என்ன சார்? வண்டியில ஏதாவது கோளாறா?"

பதினோரு வருடத்தில் அவர் எத்தனையோ பேரிடம் 'ஒண்ணுமில்ல, போயிடலாம்' என்று சொல்லியிருக்கிறார். அன்று வாய் வரவில்லை.

"என் காலுக்குக் கீழ ஒரு விலாங்கு இருக்கும்மா. பிரேக்கைப் பிடிக்க விடமாட்டேங்குது."

"என்னது?"

"விலாங்கு மீன். காலையில நான் பிடிச்சது. செத்துப்போச்சுன்னு நெனச்சுப் பையில வச்சிருந்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு நொடிதான் இருக்கும். அவர் வாழ்க்கையில் அடி வாங்கியிருக்கிறார், திட்டு வாங்கியிருக்கிறார். அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பிறகு தன் மனைவியிடம் சொன்னார்.

அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கியர் தண்டுக்கு மேலாக வளைந்து, தலையை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கீழே பார்த்தாள்.

"கடிக்கும்மா, பாத்து."

"எந்தப் பக்கம் தலை?"

"தெரியல."

வெறுங்கையால் பிடித்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள். அது அவள் விரல்களுக்கு நடுவே சோப்புக்கட்டி மாதிரி பிதுங்கி, பிரேக்குக்குப் பின்னால் இன்னும் உள்ளே போய்விட்டது. வண்டி ஏற்றத்தில் பாதியைத் தாண்டிவிட்டது.

"துணி ஏதாவது இருக்கா? காஞ்ச துணி."

கண்ணாடி துடைக்கும் துண்டு கதவுப் பையில் இருந்தது. ஒரு கையால் உருவி அவள் தோளில் போட்டார். அவள் அதை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள்.

"இப்ப தெரியுது. வாலு அந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருக்கு. உங்க காலு மறைக்குது. நான் சொல்றப்ப ரெண்டு காலையும் தூக்குங்க."

"எறக்கம் வருதும்மா."

"வரட்டும். நான் சொல்றப்ப தூக்குங்க."

உச்சி வந்தது. அங்கிருந்து கீழே எல்லாம் தெரிந்தது. சிக்னல் சிவப்பு. ஒலியைக் கேட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கிக்கொண்டிருந்தன. ஒதுங்க இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது ஒரு மஞ்சள் பள்ளி வேன். அதன் பின்கண்ணாடியில் இரண்டு மூன்று சின்ன முகங்கள் ஆம்புலன்ஸைப் பார்த்துக் கையசைத்தன.

அவர் இரண்டாவது கியருக்கு இறக்கினார். எஞ்சின் அலறியது. வலக்கை ஸ்டியரிங்கில், இடக்கை ஹேண்ட்பிரேக்கில்.

"தூக்குங்க!"

இரண்டு கால்களையும் தூக்கினார். ஓட்டத் தெரிந்த எந்த உடம்பும் அதற்குச் சம்மதிக்காது. இறக்கத்தில், கீழே குழந்தைகள் இருக்கும்போது, கால்களை வெறுமனே காற்றில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்; பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. கீழே அவள் மூச்சை இழுத்துப் பிடித்து முக்குவது கேட்டது. "விடு... விடு சனியனே..." வேன் பெரிதாகிக்கொண்டே வந்தது. வேனின் பின்பக்கம் எழுதியிருந்த தொலைபேசி எண் ஒவ்வோர் இலக்கமாகத் தெளிவாகத் தெரிந்தது.

ஊறிய துணியைத் தொட்டியிலிருந்து உருவும்போது வருமே, அப்படி ஓர் ஓசை.

"வந்துடுச்சு! மிதிங்க!"

அவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. வேனுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கலாம். அவர் அளக்கவில்லை. வேன்காரர் பதறிப்போய் வண்டியை ஒரு பக்கமாகத் திருகி நடைபாதையில் ஏற்றி வழிவிட, சைரன் அந்த இடுக்கில் நுழைந்து போனார்.

"என்னண்ணே இப்படி ஓட்டறீங்க?" என்று பின்னாலிருந்து நர்ஸ் கத்தினாள். "நான் ஊசி போட்டுக்கிட்டிருக்கேன்!"

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர். இனிமே வராது."

மீதி ஐந்து கிலோமீட்டரும் அந்தப் பெண் மீனைக் கையில் வைத்திருந்தாள். வெளியே எறிய முடியாது. ஜன்னலை இறக்க ஒரு கையை எடுக்க வேண்டும், மிச்ச ஒரு கையில் அது நிற்காது. துண்டுக்குள் தலையை அடுத்த இடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மீதி உடம்பு வெளியே வந்து அவள் முன்கையைச் சுற்றியது, அவிழ்ந்தது, மறுபடி சுற்றியது. கை முழுக்கக் கோழை. அது ஒரு முறுக்கு முறுக்கினால் அவள் தோள்பட்டையே திரும்பியது. சைரனுக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

"கை வலிக்குதாம்மா?"

"ஒரு நாளைக்கு நாப்பது போர்வை பிழியற கைங்க. இதுவும் போர்வை மாதிரிதான். அது முறுக்குற பக்கமே நாமளும் போகணும். எதுத்து நின்னா நழுவிடும்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு, "நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

அதன் பிறகு அவள் ஒருமுறைகூடப் பின்பக்க ஜன்னலைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தயாராக நின்றிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் இறங்கிய வேகத்தில் கதவுகள் விரிந்து மூடிக்கொண்டன. நர்ஸ் தாளைப் படித்துக்கொண்டே கூடவே ஓடினாள். அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்கி, கையில் துண்டோடும் துண்டிலிருந்து தொங்கும் வாலோடும் பின்னால் ஓடினாள். வாசல் காவலாளி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"யம்மா, யம்மா! பாம்பை எடுத்துக்கிட்டு உள்ள வரக்கூடாது!"

"பாம்பில்ல, மீனு. வழி விடுங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள போறாரு."

"மீனா இருந்தாலும் வரக்கூடாது!"

சைரன் ஓடிவந்தார். "குடுத்துடும்மா, நான் பிடிச்சுக்கறேன்."

அவள் கொடுக்கத்தான் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை, அப்படியே இறுகிப்போயிருந்தன. அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. கடைசி விரல் விடுபட்டதும், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

வாசல் ஓரத்தில் தரை துடைப்பவர் ஒருவர் வாளியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியை நீட்டினார். சைரன் மீனை அதில் விட்டார். அரை வாளித் தண்ணீரில் அது ஒரு சுற்றுச் சுற்றி, செவுளை மெல்லத் திறந்து மூடி அமைதியாகிவிட்டது. தலையில் கல் பட்ட இடத்தில் ஒரு வெளுத்த தடம் மட்டும் தெரிந்தது.

"உங்களுக்கு வேணுமா அண்ணே இது?" என்று கேட்டார் துடைப்பவர்.

"வேணாம். எடுத்துட்டுப் போயிடுங்க."

சைரன் அங்கேயே படியில் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். "அடைப்பை எடுக்க உள்ள கொண்டுபோயிருக்காங்க. பொழைச்சிடுவாருன்னுதான் சொல்றாங்க" என்றவள், முன்கதவைத் திறந்தாள். இருக்கை, கியர் தண்டு, தரை எல்லாம் கோழை காய்ந்து பளபளத்தது. "என்ன இது?"

அவர் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார்.

அவள் காய்ந்த கோழையை ஒரு விரலால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு, "பின்னாடி நான் ஒரு உயிரைப் பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கேன். முன்னாடி நீங்க மீனை வச்சுக்கிட்டிருந்தீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை. "வேற யாராவது செஞ்சிருந்தா நீங்க சும்மா விடுவீங்களா அண்ணே?"

"விடமாட்டேன்."

திரும்பி வரும் வழியில் அவள் முன்னால் உட்காரவில்லை. பின்னால், காலி ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

அன்று மாலையே சைரன் நிலையப் பொறுப்பாளரிடம் போய் ஒரு முழுத்தாளை நீட்டினார். நடந்ததை அவரே எழுதியிருந்தார். பொறுப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் புகார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார்."

"நோயாளி?"

"நல்லா இருக்காரு."

"வண்டி?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்குய்யா இது? கிழிச்சுப் போட்டுட்டுப் போ. வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில விட்டுக்கறே?"

சைரன் நின்ற இடத்திலேயே நின்றார். "அந்த வேன்ல புள்ளைங்க கையாட்டிச்சுங்க சார்" என்றார். பொறுப்பாளருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சைரன் இன்னொரு முறை சொன்னார்.

விசாரணை நடந்தது. நர்ஸைக் கேட்டார்கள். அந்தப் பெண்ணையும் வரச்சொல்லிக் கேட்டார்கள். அவள் ஒளிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. பிரேக் பிடிக்கவில்லை, பயந்துபோனேன், இவர் வாயாலேயே சொன்னார், நான் எடுத்தேன் என்று நாலே வரி. ஆறு வாரம் வண்டி ஓட்டக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்த ஆறு வாரமும் அவர் வண்டிகளைக் கழுவினார், சிலிண்டர் ஏற்றி இறக்கினார். கொட்டகைச் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்து இளம் ஓட்டுநர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

வீட்டில் மனைவி முதல் இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "அந்தம்மாவைப் போய்ப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னன்னு போய் நிக்கறது?"

"நின்னாப் போதும். பேசறதை அவங்க பாத்துக்குவாங்க."

போனார். ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி வார்டு. காகிதம் வெட்டுபவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையின் நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். முன்கை இரண்டிலும் பச்சையும் நீலமுமாக இரத்தம் கட்டிய வளையங்கள். சைரன் கட்டில் காலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"உக்காருங்க" என்றாள் அவள்.

"பரவாயில்லம்மா."

அவள் போர்வையை மடித்து முடித்தாள். "அன்னிக்கு அந்தச் சனியன் இல்லன்னா நான் அந்த ஜன்னல்ல இவரைப் பாத்துக்கிட்டே வந்திருப்பேன். பாத்துப் பாத்தே பைத்தியம் பிடிச்சிருக்கும். அது கையில இருந்ததால எனக்கு வேற நெனப்பே வரல. நான் விட்டா எல்லாம் போச்சுன்னு ஒரே நெனப்பு."

சைரன் தலையை நிமிர்த்தினார்.

"அதுக்காக நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு இன்னும் கோபம் இருக்கு. தூங்கினா அந்த எறக்கம்தான் வருது."

"எனக்கும்தாம்மா."

"வரட்டும்" என்றாள் அவள். ஆனால் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

இறங்கி வரும்போது வாசலில் தரை துடைப்பவர் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அதை வீட்டுக்குக் கொண்டுபோய், தலையை வெட்டி வச்ச பிறகும் கால் மணி நேரம் வாயைத் தொறந்து மூடிக்கிட்டே இருந்துச்சு. துண்டு போட்டுச் சட்டியில போட்டா துண்டு துள்ளுது. என் பொண்ணுங்க ரெண்டும் தொடவே இல்ல. நான் ஒருத்தனே தின்னேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு."

ஆறு வாரம் முடிந்து அவர் திரும்ப வண்டி ஏறிய நாளில், வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டிருப்பாள் என்று அவர் நினைத்த நர்ஸ் வந்து நின்றாள். வணக்கம் சொல்லவில்லை. முன்கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பின்னாலிருந்த இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். அவர் பையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே சாப்பாட்டு டப்பாவும் ஒரு மாற்றுச் சட்டையும்தான். டப்பாவையும் திறந்து பார்த்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

அடுத்து வந்த பல வாரங்களுக்கு இது தினமும் நடந்தது. அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவள் வருவதற்கு முன்பே பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். தூண்டில் போடுவதையும் அவர் விடவில்லை. ஆனால் விடுமுறை நாளில் மட்டும், வீட்டிலிருந்து வாளி எடுத்துப்போய்ப் போடுவார்; செத்துவிட்டது என்று எதையும் தானே முடிவு செய்வதில்லை.

ஒரு நாள் வேறொரு நோயாளியை விட்டுவிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் நின்றிருந்தபோது, காகிதம் வெட்டுபவரும் மனைவியும் பரிசோதனை முடிந்து வெளியே வந்தார்கள். அவர் இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. சைரனை மனைவி கண்ணால் காட்டியதும் நேராக நடந்து வந்தார்.

"நீங்கதானா அது? நான் பின்னாடி சாகக் கெடந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. இவ சொல்றதை நம்பவும் முடியல. நெஜமாவே எவ்வளவு பெருசுங்க அது?"

சைரன் கூச்சத்தோடு கைகள் இரண்டையும் ஓர் அடி இடைவெளியில் காட்டினார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, கைகளை நன்றாக அகலமாக இழுத்து வைத்தாள்.

"இவ்வளவு" என்றாள் கணவனிடம். "கொறைச்சுச் சொல்றாரு."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். சைரனுக்குக் கைகளை இறக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் வண்டியிலிருந்த வயர்லெஸ் கருவி கரகரத்து அடுத்த முகவரியைச் சொல்லத் தொடங்கியது. "வாங்கண்ணே" என்றாள் நர்ஸ். அன்று அவள் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.